எந்த இடத்துக்கு எந்த ஸ்லீவ்? காரில் புதிதாக வயர் இழுப்பவர்களுக்கு

என் பழைய ஹேட்ச்பேக்கில் நானே மாட்டிய ஃபாக் லேம்ப் 11 மாதம் ஒழுங்காக எரிந்தது. அப்புறம் ஒரு மழை இரவில், திண்டிவனம் தாண்டியதும் இரண்டும் ஒன்றாக அணைந்துபோயின. மறுநாள் பேனட்டைத் திறந்து வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ரேடியேட்டரைத் தாங்கும் தகரத்தின் விளிம்பில் வயர் உரசி உரசி, செம்பு வெளியே தெரிந்தது. அதன்மேல் நான் போட்டிருந்த கறுப்பு பிவிசி ஸ்லீவ் சூட்டில் காய்ந்து, கையில் எடுத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. 15 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. அது போனதால் கார் பிழைத்தது.

அந்த ஸ்லீவைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் அது பத்து வருடம் சும்மா இருந்திருக்கும். அதைக் கொண்டுபோய் இன்ஜின் பக்கத்தில் போட்டவன் நான். கடைக்குப் போய் "நல்ல ஸ்லீவ் கொடுங்க" என்று கேட்டிருந்தேன், அவரும் கொடுத்தார். வயர் எந்த வழியாகப் போகப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் உங்கள் காரையே பாருங்கள்

வண்டியை அணைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு பேனட்டுக்குள் பாருங்கள். காரைச் செய்த கம்பெனி எந்த வயரையும் சும்மா விட்டிருக்காது. ஆனால் எல்லா வயருக்கும் ஒரே உறையைப் போட்டிருக்கவும் மாட்டார்கள்.

பேட்டரி, ஹெட்லைட் பக்கம் போகும் வயர்களின் மேல் வரிவரியான கறுப்புக் குழாய் இருக்கும். நீளவாக்கில் ஒரு வெட்டு, அதன்மேல் அங்கங்கே டேப். இன்ஜினை ஒட்டிப் போகிற வயர்களிலும் அதே மாதிரிக் குழாய்தான். ஆனால் நகத்தால் அழுத்தினால் கட்டியாக இருக்கும்; பல கார்களில் முழு நீளத்துக்கும் துணி டேப் சுற்றியிருப்பார்கள். சைலன்சர் குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். அதன் வயரில் பெரும்பாலும் கண்ணாடி நூலில் பின்னிய உறை. உள்ளே வந்து டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் குழாயே குறைவு. அங்கே பஞ்சு மாதிரி மெத்தென்ற ஒரு டேப் சுற்றியிருக்கும். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் துருத்தி.

இதையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இழுக்கப்போகும் புது வயர் எந்த வழியாகப் போகிறதோ, அந்த வழியில் கம்பெனி எதைப் போட்டிருக்கிறது என்று பார்த்து அதையே நீங்களும் போடுங்கள். ஸ்லீவ் தேர்வில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். அந்த இடத்தின் சூடு, அதிர்வு, தண்ணீர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். நாம் காப்பியடித்தால் போதும்.

இரண்டு நிறங்களை மட்டும் காப்பியும் அடிக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ (வயரோடு வயரை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். ஆரஞ்சு உறை, மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் உயர் மின்னழுத்த வயருக்கு உரியது. 60 வோல்ட் டிசிக்கு மேல் போகும் வயர்களின் வெளியுறை ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதி 100 சொல்வது. நம் ஊரில் ஓடும் நெக்ஸான் இவியிலும் அந்த ஆரஞ்சைப் பார்க்கலாம். அதன் பக்கத்தில் உங்கள் வயரைச் சேர்த்துக் கட்டுவதுகூட வேண்டாம். வேறு வழி பாருங்கள்.

ஸ்லீவுக்கு முன்னால் வயரும் ஃபியூஸும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். 15 ஆம்பியர் ஃபியூஸ், ஒரு ரிலே (சின்ன ஸ்விட்ச் மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் பெட்டி), 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். தூரம் அதிகமென்றால் 2.5 போடலாம். டேஷ்கேமுக்கு இதெல்லாம் வேண்டாம், மெல்லிய வயரும் சின்ன ஃபியூஸும் போதும்.

வீட்டு வயரிங்கில் மிச்சமான வயர் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். வீட்டுக்கு விற்கிற சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி வரைக்குமானது. கார் வயருக்கான ஐஎஸ்ஓ 6722 தரத்தில் மிகக் கீழ் வகுப்பான ஏ வகுப்பே 85 டிகிரியில்தான் தொடங்குகிறது. பி வகுப்பு 100, சி வகுப்பு 125. மேலே எவ்வளவு உயர்ந்த ஸ்லீவ் போட்டாலும் உள்ளே இருக்கும் வயருக்குத் தாங்கும் சக்தி கூடாது. பார்க்கப்போனால் மூடியதால் சூடு வெளியேறுவதும் குறையும். ஆகவே ஸ்லீவுக்குள் ஏழெட்டு வயர் சேர்ந்து போகிறதென்றால் வயரை ஒரு அளவு தடிமனாகவே எடுங்கள்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள். அந்த ஒரு ஜாண் வயருக்கு மட்டும் எந்த ஃபியூஸின் காவலும் கிடையாது; உரசினால் பேட்டரியின் முழு பலமும் அதில் பாயும். உங்களிடம் இருப்பதிலேயே நல்ல ஸ்லீவ் எதுவோ அதை அந்த ஒரு ஜாணுக்குப் போடுங்கள்.

கடையில் கிடைப்பவை

வரிவரியான கறுப்புக் குழாயைக் கடையில் ஃப்ளெக்சிபிள் பைப் என்றோ லூம் பைப் என்றோ கேட்டால் கொடுப்பார்கள். நீளவாக்கில் வெட்டு உள்ளது வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்டு இல்லாததை வாங்கிவந்தால் கப்ளர் மாட்டிய வயரை உள்ளே நுழைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். பேனட்டுக்குள் முக்கால்வாசி இடத்துக்கு இதுதான் சரியான உறை. வயர் தகரத்தில் உரசாது, கல் தெறித்தால் தாங்கும், நாளை ஒரு வயரைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமென்றால் வெட்டைத் திறந்தால் போதும்.

ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்தக் குழாய் மூன்று வகைப் பிளாஸ்டிக்கில் வருகிறது. பாலிஎத்திலீன் மலிவு, அது 110 முதல் 130 டிகிரிக்குள் உருகியே விடும், அதற்கு வெகு முன்பே தொளதொளத்துப் போகும். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி அளவில் உருகும். நைலான் 6 உருக 220 டிகிரி வேண்டும். எண்ணெய், பெட்ரோல் பட்டாலும் அது அசராது. இவை உருகும் சூடுதான், தொடர்ந்து வேலை பார்க்கிற சூடு இல்லை. நைலான் குழாய்க்கே 120 டிகிரி அளவுக்கு மேல் நாள் முழுக்க வேலை கொடுக்கக் கூடாது. ஆனாலும் எது எதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கடைக்காரர் நைலான் என்று சொல்லிக் கொடுத்தது நைலான்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு டம்ளர் தண்ணீர் போதும். குழாயில் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, காற்றுக்குமிழி ஒட்டாமல் விரலால் தண்ணீருக்குள் அழுத்திவிட்டு விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. அடியில் போய் உட்கார்ந்தால் நைலானாக இருக்கலாம், பிவிசியாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, வெளியே காற்றோட்டமான இடத்தில் இடுக்கியில் பிடித்து ஒரு நொடி நெருப்புக் காட்டுங்கள். முடி கருகிய வாசனை வந்தால் நைலான். மூக்கை அரிக்கிற நெடி வந்தால் பிவிசி; அந்தப் புகையை இழுக்காமல் தள்ளி நில்லுங்கள். மெழுகுவத்தி அணைத்த வாசனையோடு சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே இருந்தால் அது பாலிஎத்திலீன் வகை. இதை நான் கடை வாசலிலேயே செய்து ஒரு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அரை மீட்டர் சாம்பிள் வாங்கிவந்து வீட்டில் செய்யுங்கள்.

சில கார்களில் குழாய் மீதோ கிளிப் மீதோ பொருளின் பெயரைப் பொடி எழுத்தில், இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே அச்சடித்திருப்பார்கள். பிஏ என்றிருந்தால் நைலான், பிபி என்றால் பாலிபுரொப்பிலீன், பிஈ என்றால் பாலிஎத்திலீன். நீங்கள் எடுத்த படங்களில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது டேப். நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பிவிசி இன்சுலேஷன் டேப்தான். காருக்குள் ஒரு சித்திரை போதும். பசை கசிந்து, டேப் நகர்ந்து, வயர் பிசுபிசுவென்று கறுப்புக் கோந்தில் முக்கியதுபோல் ஆகிவிடும். அதைச் சுத்தம் செய்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இணைப்பைச் சுற்றித் தற்காலிகமாகப் போட அது பரவாயில்லை. வயர்க்கட்டு முழுவதற்கும் சுற்ற இரண்டு டேப்கள் தனியாக உண்டு. ஒன்று பாலியஸ்டர் துணி டேப், பேனட்டுக்குள் சூட்டுக்கும் உரசலுக்கும். இன்னொன்று பஞ்சு டேப், காருக்குள் சத்தம் வராமல் இருக்க. ஆன்லைனில் ஹார்னெஸ் டேப் என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். ஜெர்மனியின் டெசா மாதிரி நிறுவனங்கள் இதற்கென்றே வரிசை வரிசையாகச் செய்கின்றன. விலை இன்சுலேஷன் டேப்பைவிடப் பல மடங்கு. ஆனால் ஒரு சுருள் வாங்கினால் ஒரு காருக்குத் தாராளமாக வரும்.

பின்னல் ஸ்லீவ் பார்க்க அழகு. பாலியஸ்டர் இழையில் பின்னியிருக்கும், அமுக்கினால் விரியும், இழுத்தால் இறுகும், சூடும் நன்றாகத் தாங்கும். வீடியோக்களில் பளபளக்கிற இன்ஜின்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் முதலில் இதைத்தான் தேடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. பின்னலின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீரும் போகும், நைசான மண்ணும் போகும். டயருக்குப் பக்கத்திலோ பம்பருக்கு உள்ளேயோ இதைப் போட்டால் உள்ளே சேர்ந்த மண் உப்புத்தாள் மாதிரி வயரைத் தேய்க்கும். காருக்குள்ளே, ஆம்ப்ளிஃபையர் வயருக்கு, பேனட்டுக்குள் மேல்பக்கம் காய்ந்த இடத்தில் போடுங்கள். வெட்டும் இடத்தில் இழை பிரிந்துவிடும், ஆகவே வெட்டியதும் லைட்டரால் லேசாகச் சுட்டு ஒட்டவைத்து, நுனியில் ஹீட் ஷ்ரிங்க் (அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறேன்) ஒரு துண்டு போட வேண்டும்.

ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் என்பது சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் குழாய். 2க்கு 1 என்று போட்டிருந்தால் பாதியாகச் சுருங்கும், 3க்கு 1 என்றால் மூன்றில் ஒரு பங்காக. உள்ளே பசை தடவிய வகை ஒன்று உண்டு. சூட்டில் பசை உருகி நுனியில் எட்டிப் பார்க்கும், ஆறியதும் தண்ணீர் புகாது. பேனட்டுக்குள் போடும் ஒவ்வொரு இணைப்புக்கும் பசை வகைதான். ஹீட் கன் இருந்தால் நல்லது, லைட்டர் என்றால் நெருப்பை ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இணைப்பைச் செய்வதற்கு முன்பே ஸ்லீவை வயரில் நுழைத்துவிட வேண்டும். இதை மறந்து, அருமையாக ஒரு இணைப்பைச் செய்துமுடித்து, கையில் ஸ்லீவைப் பிடித்துக்கொண்டு முழிக்காத ஆள் இந்தத் தொழிலில் இல்லை.

கண்ணாடி நூல் உறை சைலன்சர், டர்போ பக்கத்துக்கு. சிலிக்கான் பூசியது 200 டிகிரிக்கும் அசராது. வெறும் கண்ணாடி நூலை வெட்டும்போது கையுறை போடுங்கள், தோலில் ஏறினால் அரிக்கும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், புதியவர்களுக்கு இந்த உறை தேவைப்படுகிறது என்றாலே வயர் போகும் வழி தப்பு. சைலன்சரிலிருந்து ஒரு ஜாணாவது தள்ளி வேறு வழி தேடுங்கள்.

சுருள் ஸ்லீவ் கம்ப்யூட்டர் மேசைக்கு நல்லது. காரில் அதன் இடுக்குகளில் வயர் வெளியே தலைகாட்டும், எனக்குப் பிடிக்காது. பிவிசி ஸ்லீவின் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் வயர், ரிலே, ஃப்ளெக்சிபிள் பைப்புக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஹீட் ஷ்ரிங்க், பின்னல் ஸ்லீவுக்கு ரிச்சி தெரு. புதுப்பேட்டையில் பிரித்துப்போட்ட கார்களின் பாகங்கள் குவிந்திருக்கும். கம்பெனியின் ஒரிஜினல் ரப்பர் புஷ், கிளிப், நைலான் குழாய் அங்கே சொற்ப விலைக்குக் கிடைக்கும். நான் பெரும்பாலும் அங்கேதான் போகிறேன்.

எத்தனை மில்லிமீட்டர்?

போகப்போகும் வயர்களையெல்லாம் சேர்த்துப் பிடித்து, சுற்றி ஒரு நூலைக் கட்டுங்கள். நூலை நீட்டி அளந்து 3.14ஆல் வகுத்தால் கட்டின் குறுக்களவு. நூல் 23 மில்லிமீட்டர் வந்தால் கட்டு 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இது கட்டாயம் 10 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குப் போக வேண்டும். குழாயின் உள்விட்டத்தில் முக்கால் பங்குக்கு மேல் கட்டு இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் திணித்தால் வெட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், வளைவில் அந்த வெட்டின் விளிம்பே வயரை அறுக்கும். ரொம்பப் பெரிதாகப் போட்டாலும் தொல்லைதான். வயர் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும்.

வயர் வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டுமென்றால் ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே தடிமனில் 4 வயர் என்றால் கட்டு ஒரு வயரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, 7 வயர் என்றால் சரியாக 3 மடங்கு. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. ஒரே மாதிரி ஏழு நாணயங்களை மேசையில் அடுக்கிப் பாருங்கள், புரியும்.

கடையில் சொல்லும் அளவு உள்விட்டமா வெளிவிட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். முடிந்தால் வயர்த் துண்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டே போய்விடுங்கள். பின்னல் ஸ்லீவ் விரியும்போது நீளம் குறையும், கால் பங்கு கூடுதலாக வாங்குங்கள். மற்றவற்றுக்கு வயர் போகும் வழியை ஒரு கயிற்றால் அளந்து, ஒரு முழம் சேர்த்துக்கொண்டால் போதும்.

மாட்டும் வேலை: ஃபாக் லேம்ப்பை எடுத்துக்கொள்வோம்

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். பல கார்களில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும்.

வயரை ஸ்லீவ் இல்லாமல் ஒரு முறை வழியில் ஓட்டிப் பாருங்கள். ஃபேன், பெல்ட், ஸ்டீயரிங் ராடு, பேனட்டின் கீல், எது அசைந்தாலும் அதன் பக்கம் போகக் கூடாது. பிரேக் குழாயிலும் பெட்ரோல் குழாயிலும் சேர்த்துக் கட்டக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் ஸ்டார்ட் செய்யும்போது குலுங்கும். பாடியிலிருந்து இன்ஜினுக்குத் தாவும் வயரில் தளர்ச்சி விடாவிட்டால் என்றாவது ஒரு நாள் கப்ளர் பிடுங்கிக்கொண்டு வரும். கம்பெனி வயர்க்கட்டு போகும் வழியிலேயே பக்கத்தில் ஒட்டிப் போவது எப்போதும் பாதுகாப்பு.

வழி சரியென்றால் வயர்களை முறுக்காமல் இணையாகப் பிடித்து, அரையடிக்கு ஓர் இடத்தில் டேப்பால் ஒரு சுற்றுப் போட்டு ஒன்றாக்குங்கள். பிறகு குழாயின் வெட்டைத் திறந்து வயரை அதற்குள் அழுத்திக்கொண்டே போங்கள். கட்டைவிரல் நுனி கொஞ்சம் வலிக்கும். கிளை பிரியும் இடத்தில், அதாவது இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் பிரிகிற இடத்தில், குழாயை வெட்டி, சின்னக் குழாயின் நுனியைப் பெரிய குழாய்க்குள் ஒரு அங்குலம் நுழைத்து, மேலே துணி டேப்பை எட்டு வடிவில் சுற்றுங்கள். குழாய் பிரிந்து வயர் வெளியே தெரியத் தொடங்குவது எப்போதும் இந்த இடத்தில்தான், ஆகவே டேப்பைக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். குழாயின் மற்ற நீளத்தில் ஒரு ஜாணுக்கு ஒரு சுற்று டேப் போதும்.

குழாயின் வெட்டு கீழே பார்க்கும்படி வையுங்கள். மேலே பார்த்தால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கும். தண்ணீர் புகவே கூடாது என்று இரு நுனியையும் அடைத்துவிட நினைப்பவர்கள் உண்டு. நீண்ட குழாய்க்குள் எப்படியும் ஈரம் போகும். போனது வெளியே வர வழி வேண்டும். தண்ணீர் புகாமல் காக்க வேண்டியது இணைப்புகளை, அதற்குத்தான் பசை ஹீட் ஷ்ரிங்க்.

கட்டுவதற்குக் கறுப்பு நைலான் டேக் வாங்குங்கள். வெள்ளை டேக் வெயிலில் சீக்கிரம் உளுத்துவிடும். ஒரு ஜாண் முதல் ஒன்றரை ஜாணுக்கு ஒன்று. குழாய் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். மிச்ச வாலை நிப்பரால் ஒட்ட வெட்டுங்கள். சாய்வாக வெட்டிவிட்டால் அடுத்து பேனட்டுக்குள் கைவிடுகிறவர் ரத்தத்தோடுதான் கையை எடுப்பார், அநேகமாக அது நீங்கள்தான்.

ஸ்விட்ச் வயர் காருக்குள் வர வேண்டும். புதிதாக ஓட்டை போடாதீர்கள். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகரத்தில் கம்பெனியின் ரப்பர் புஷ் ஒன்று பெரிதாக இருக்கும். வயர்களைக் குத்தாத ஓரமாக அதில் சின்னத் துளை போட்டு, கெட்டிக் கம்பியில் வயர் நுனியைக் கட்டி இழுங்கள். குழாய் புஷ்ஷோடு நிற்கட்டும், வயர் மட்டும் உள்ளே வரட்டும். புஷ்ஷுக்குள் நுழைவதற்கு முன் வயர் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள். வயரைப் பிடித்துக்கொண்டு வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இல்லாவிட்டால் டிரைவர் காலடிக்கு வந்து சேரும். துளையை அடைக்க சிலிக்கான் பூசுவதாக இருந்தால் காடி வாசனை வருகிற சிலிக்கான் வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

தகர விளிம்பைத் தாண்டும் இடங்களில் எத்தனை நல்ல ஸ்லீவும் தனியாகப் போதாது. என் கதை அங்கேதான் நடந்தது. விளிம்புக்கும் ரப்பர் பட்டை போடுங்கள், குழாயும் போடுங்கள், அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் டேக் போட்டு ஆடாமல் நிறுத்துங்கள். உரசலுக்குக் காரணம் ஆட்டம், ஆடாத வயரை விளிம்பு ஒன்றும் செய்யாது.

காருக்குள்: டேஷ்கேம் வயர்

இங்கே சூடும் தண்ணீரும் பெரிய எதிரிகள் இல்லை, சத்தம்தான். ஃப்ளெக்சிபிள் பைப்பைக் கொண்டுபோய் டேஷ்போர்டுக்குள் போட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக் தட்டி கடகடவென்று கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழு டேஷையும் பிரிக்க வேண்டியிருக்கும். பஞ்சு டேப்பைப் பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றிவிடுங்கள், முடிந்தது.

முன்கண்ணாடியின் ஓரத் தூணில் வயரை இறக்கும்போது கவனம். அங்கே கர்ட்டன் ஏர்பேக் (ஜன்னல் பக்கம் திரைபோல் விரியும் ஏர்பேக்) இருந்தால், உங்கள் வயர் அதன் பின்னால் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால் ஏர்பேக் விரியும்போது வயரும் சேர்ந்து வீசப்படும், விரிவதும் தடைபடலாம். தூண் மூடியில் ஏர்பேக் என்று எழுதியிருந்து, பின்பக்கம் வழி தெரியவில்லை என்றால் இந்த ஒரு பகுதியைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

முன்னும் பின்னும் நகரும் சீட்டுக்கு அடியில் போகும் வயருக்குப் பின்னல் ஸ்லீவ் பொருத்தம், நன்றாக வளைந்து கொடுக்கும். கதவுக்குள் வயர் போக வேண்டுமென்றால் இருக்கிற ரப்பர் துருத்திக்குள்ளேயே நுழையுங்கள், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே குழாயும் வேண்டாம், டேப்பும் வேண்டாம்.

எலி

நம் ஊரில் இதைச் சொல்லாமல் வயரிங் கட்டுரையை முடிக்க முடியாது. எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. ஃப்ளெக்சிபிள் பைப் அதற்கு ஒரு இரவு வேலை. புகையிலையையும் பாச்சை உருண்டையையும் பேனட்டுக்குள் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் பலர்; வாசனை இருக்கிற சில நாளைக்கு ஏதோ பலன் இருக்கலாம். ஹோண்டா மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த ஒரு டேப்பையே விற்கிறது, எலி கடித்தால் வாய் எரியும். சுற்றியபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள், எரிவது எலிக்கு மட்டுமில்லை.

ஏற்கெனவே கடிபட்ட இடம் என்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் பின்னிய உறை ஒன்றுதான் நிச்சயம். ஆனால் அது மின்சாரம் கடத்தும் பொருள் என்பதை மறக்காதீர்கள். முதலில் வயர்மேல் துணி டேப், அதன்மேல் எஃகு உறை, இரண்டு நுனியிலும் கம்பி பிசிறுகள் குத்தாமல் ஹீட் ஷ்ரிங்க். பேட்டரி முனைக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரி மைனஸை மாட்டி, விளக்கைப் போட்டு, பத்து நிமிடம் எரியவிட்டு, குழாயின் மேல் கை வைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் சூடு தெரிந்தால் அங்கே உள்ள இணைப்பு சரியில்லை, பிரித்துப் பாருங்கள். ஒரு மாதம் ஓட்டியபின் மறுபடி ஒரு முறை டார்ச்சோடு குனியுங்கள். குழாயில் எங்காவது பளபளப்பாகத் தேய்ந்த தடம் இருந்தால் அங்கே டேக்கை நகர்த்த வேண்டும். என் காரில் இரண்டாவது முறை நைலான் குழாய் போட்டு மாட்டியபோது அப்படி ஒரு தடம் கிடைத்தது, ரேடியேட்டர் தாங்கியின் அதே விளிம்பில். வயரை இரண்டு விரற்கடை தள்ளிக் கட்டினேன்.